அணைக்கட்டுக்கு அணைக்கட்டு: தாமிரபரணியை ஊர்கள் சேர்ந்து காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குவதில் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐம்பது பேர் கையுறை மாட்டிக்கொண்டு படித்துறையில் இறங்கினால் மதியத்துக்குள் ஒரு டிராக்டர் குப்பை சேரும், படமும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே அளவு குப்பை கிடக்கும், வந்தவர்களில் பாதிப்பேர் மறுபடி எட்டிப்பார்க்க மாட்டார்கள். ஓடையும் சாக்கடையும் எந்த இடத்தில் ஆற்றில் விழுகின்றனவோ அங்கிருந்து வேலையைத் தொடங்கினால்தான் செய்த வேலை நிற்கும்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை ஏறத்தாழ 125 கி.மீ. ஓடுகிறது. முழு ஆற்றையும் எந்தக் குழுவாலும் தூக்கிச் சுமக்க முடியாது. ஆனால் இந்த ஆற்றுக்கு முன்னோர் போட்டுவைத்த பங்கீடு ஒன்று இருக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். அவற்றை நம்பிச் சுமார் 86 ஆயிரம் ஏக்கர். ஓர் அணைக்கட்டுக்கும் அடுத்த அணைக்கட்டுக்கும் இடைப்பட்ட நீளத்தை ஒரு குழுவின் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள அணைக்கட்டில் வருகிற தண்ணீரின் தரத்தையும் கீழே உள்ள அணைக்கட்டில் போய்ச் சேர்கிற தண்ணீரின் தரத்தையும் ஒப்பிட்டால் நடுவில் நாம் என்ன செய்தோம் என்பது எண்ணாகத் தெரிந்துவிடும். பழியை மேலே உள்ள ஊர்மீது போட்டுத் தப்பவும் வழியில்லை.

நெல்லை மாநகரம் சுத்தமல்லிக்கும் மருதூருக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நீளத்துக்கு மட்டும் ஒரு குழு போதாது. இரு கரைக்கும் தனித்தனிக் குழு வையுங்கள்.

படி 1: ஆள் சேர்ப்பது

முதல் கூட்டத்துக்கு 12 பேர் போதும். யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்பதுதான் முக்கியம். கால்வாயின் தலைப்பில் வயல் உள்ள மேல்மடைக்காரர் இருவர், அதன் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர் இருவர், ஆற்றில் வலை போடுபவர், துணி வெளுப்பவர், மாடு குளிப்பாட்டுபவர், வாத்து மேய்ப்பவர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து மூவர், கால்வாய்த் தண்ணீர் திறந்துவிடத் தெரிந்த பெரியவர் ஒருவர். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்த ஆளுக்கு எந்த மடையில் ஒழுகும், எந்த வளைவில் மண் சேரும் என்பது வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும்.

கூட்டத்தை ஒரு தெருவுக்குச் சொந்தமான கோயில் மண்டபத்திலோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ போடாதீர்கள். பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் எதுவானாலும் சரி. சொல்லக் கூச்சமான விஷயம்தான், ஆனால் இந்தப் பக்கத்தில் ஆற்றுக் குழுக்கள் உடைவதற்குத் தண்ணீரைவிடச் சாதியே அதிகக் காரணம். உட்காரும் இடத்தை முதல் நாளே சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிக்கல் வராது.

உடனே பதிவு செய்ய ஓடவேண்டாம். ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, பணம் கையாள வேண்டிய நிலை வரும்போது 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதியலாம். குறைந்தது 7 பேர் வேண்டும். உங்கள் பகுதியில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் ஏற்கெனவே இருந்தால் (2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் அதற்கானது) தனிக்கடை போடாமல் அதற்குள்ளேயே ஆற்றுக்கென ஓர் உட்குழு அமைப்பது நல்லது. கால்வாய்ப் பராமரிப்பு பற்றிப் பொறியாளரிடம் பேசும் உரிமை அந்தச் சங்கத்துக்குச் சட்டப்படியே இருக்கிறது.

படி 2: கோடையில் நடப்பது

ஏப்ரல், மே மாதங்களில் நடங்கள். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, கார் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும் ஜூனுக்கு முந்தைய இடைவெளி அது. மழை இல்லாத நாளில் ஓர் ஓடையிலிருந்து ஆற்றுக்குள் தண்ணீர் விழுகிறதென்றால், வயல் வடிகாலாக இருந்தாலொழிய, அது கழிவுநீர். ஐப்பசியில் போனால் எல்லா ஓடையும் ஒன்றுபோல் கலங்கி ஓடும், எது எதென்று பிரிக்க முடியாது.

நான்கு பேர் ஒரு காலையில் 3 கி.மீ. நடக்கலாம். ஒருவர் கைப்பேசியில் இடத்தைப் பதிவார், ஒருவர் அளப்பார், ஒருவர் நோட்டில் எழுதுவார், நான்காமவர் அந்தந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும். ஓடையோ சாக்கடையோ ஆற்றில் விழும் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எண் கொடுத்து, இடக்கரையா வலக்கரையா, அகலம், நிறம், நாற்றம், நுரை, எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்.

அளவெடுப்பது எளிது. குழாயாக விழுந்தால் 10 லிட்டர் வாளியை வைத்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 5 நொடி என்றால் நொடிக்கு 2 லிட்டர், நாளொன்றுக்கு 1,72,800 லிட்டர். அகலமான ஓடை என்றால் நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தை அளந்து, நெற்று அல்லது எலுமிச்சம்பழம் ஒன்றை மிதக்கவிடுங்கள். உதாரணமாக அகலம் 60 செ.மீ., ஆழம் 10 செ.மீ., கடக்க 40 நொடி. அகலத்தை ஆழத்தாலும் வேகத்தாலும் பெருக்கி, மேற்பரப்புத் தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.8-ஆல் மீண்டும் பெருக்கவேண்டும். 0.6 × 0.1 × 0.25 × 0.8 = 0.012 கனமீட்டர், அதாவது நொடிக்கு 12 லிட்டர். ஒரு நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். "சாக்கடை கலக்குது சார்" என்று மனு கொடுப்பதற்கும் இந்த எண்ணோடு மனு கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் மனுவிலேயே பார்ப்பீர்கள்.

ஒரே ஒரு முறை அளந்துவிட்டு 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வீட்டுக் கழிவுநீர் காலை 6 முதல் 9 வரை பெருகும், நள்ளிரவில் ஏறக்குறைய நின்றுவிடும். காலை, மதியம், இரவு என மூன்று அளவின் சராசரியை எழுதுங்கள்.

அதே நடையில், கரையோர நிலம் யாருடையது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரமும் (எந்தப் புல எண் யாருடையது என்ற பதிவு) புலப்படமும் கிடைக்கும். ஆறு, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகளின் புல எண் கையில் இருந்தால்தான் பின்னால் கிராம சபையில் பேச்சு நிற்கும்.

படி 3: தண்ணீரைச் சோதிப்பது

நான்கு இடங்கள் போதும்: உங்கள் எல்லையின் தலைப்பில் ஒன்று, பெரிய சாக்கடை விழுந்து 200 மீட்டர் தள்ளி ஒன்று, குடிநீர் உறைகிணற்றுக்கு மேலே ஒன்று, கீழ் அணைக்கட்டில் ஒன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வகைப்பாட்டின்படி குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையக்கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன்) 3 மி.கி.க்கு மிகக்கூடாது, கழிவுநீர்க் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி 100 மி.லி.க்கு 500-க்குள் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும். இருபது சோதனைக்குப் பணம் கட்டி ஒரு முறை பார்ப்பதைவிட மூன்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது மேல்.

மாதிரி எடுக்கும்போது கரையோரத்தில் தேங்கிய தண்ணீரை மொள்ளாதீர்கள். முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து நின்று, உங்கள் காலால் கலங்கிய தண்ணீர் பாட்டிலுக்குள் வராதபடி, ஒரு சாண் ஆழத்தில் பாட்டில் மூடியைத் திறந்து நிரப்புங்கள். கோலிஃபார்ம் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும். கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே அளக்கவேண்டும். பாசி வெயிலில் ஆக்சிஜன் விடும், இரவில் இழுத்துக்கொள்ளும் என்பதால் மதியம் 2 மணிக்கு எடுத்தால் சாக்கடைத் தண்ணீர்கூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். எப்போதும் காலை 6 முதல் 7 மணிக்குள் எடுங்கள்.

படி 4: கிராம சபையில் எழுத்தாக்குவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கோடை நடையில் எடுத்த கணக்கு ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குத் தயாராக இருக்கும். "ஆற்றைக் காக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற தீர்மானம் போட்டால் அது கோப்பில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: "எங்கள் ஊராட்சியில் புல எண் இன்னதில் உள்ள ஓடைப் புறம்போக்கு வழியாக வீட்டுக் கழிவுநீர் தாமிரபரணியில் கலக்கிறது. மே 12 அன்று மூன்று வேளை அளந்ததில் சராசரி நொடிக்கு 8 லிட்டர். இதற்கு 300 மீட்டர் கீழே குடிநீர் உறைகிணறு உள்ளது. ஆற்றில் விழுமுன் கழிவுநீரைத் திருப்பிச் சுத்திகரிக்கும் திட்ட மதிப்பீட்டை 90 நாட்களுக்குள் தயாரிக்க இந்தச் சபை கோருகிறது." எந்த இடம், எவ்வளவு, யாருக்குக் கேடு, எத்தனை நாள் என்ற நான்கும் இருக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தின் நகலை அன்றே கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும். நகலோடு மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே நீர்வளம், வேளாண்மை, உள்ளாட்சி அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள், "அது அந்தத் துறை" என்று கைகாட்ட முடியாது.

படி 5: கழிவுநீரைக் கரையிலேயே பிடிப்பது

மாநகரச் சாக்கடையை ஊர்க்குழு சுத்திகரிக்க முடியாது. அதற்குச் சுத்திகரிப்பு நிலையம்தான் வழி. ஆனால் 200 பேர் வாழும் ஒரு சிற்றூரின் குளியல், அடுக்களைத் தண்ணீரை நாணல் படுகையில் வடிகட்ட முடியும்.

ஒருவருக்கு 60 லிட்டர் என்றால் நாளுக்கு 12,000 லிட்டர். ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் கணக்கில் 200 முதல் 400 சதுர மீட்டர் இடம் வேண்டும், அதாவது 5 முதல் 10 சென்ட். முதலில் ஒரு நாள் தண்ணீரைப் பிடிக்கும் 12 கனமீட்டர் படிவுத் தொட்டி. அதன் முன்னால் சோற்றுப் பருக்கை, முடி, பிளாஸ்டிக் உறை நிற்க ஒரு கம்பிச் சல்லடை. பிறகு படுகை: அடியில் களிமண் அல்லது தடித்த பாலித்தீன் விரிப்பு, 100-க்கு 1 சரிவு, 60 செ.மீ. கனத்துக்குச் சல்லி. நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் 40 மி.மீ.க்கு மேற்பட்ட பெருஞ்சல்லி, நடுவில் 10 முதல் 20 மி.மீ. சல்லி. அதில் சம்பு, நாணல், கல்வாழை ஆகியவற்றை இரண்டு அடிக்கு ஒன்றாக நடலாம். தண்ணீர் சல்லிக்கு மேலே தெரியவே கூடாது, 5 செ.மீ. கீழேதான் நிற்கவேண்டும். மேலே வந்தால் கொசு வரும், கொசு வந்தால் ஊரே படுகையை மூடச் சொல்லும்.

இந்தப் படுகைகள் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: படிவுத் தொட்டியில் சேரும் சகதியை யாரும் அள்ளுவதில்லை. சகதி சல்லிக்குள் ஏறி அடைத்துக்கொண்டால் சல்லி முழுவதையும் அள்ளிக் கழுவவேண்டி வரும். சல்லடையை இரண்டு நாளுக்கு ஒரு முறை, தொட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்ய ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதென்றால் படுகையைக் கட்டவேண்டாம்.

கழிப்பறைத் தண்ணீர் இதற்குள் வரக்கூடாது. அது கழிவுநீர்த் தொட்டிக்கும் அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும்தான் போகவேண்டும். வீட்டுத் தொட்டியின் வெளிக்குழாயைத் தெருச் சாக்கடையில் செருகியிருப்பதைக் கோடை நடையில் நிறையப் பார்ப்பீர்கள். ஆற்றுக்கு மிக அருகே, நிலத்தடி நீர் இரண்டு மீட்டருக்குள் இருக்கும் இடத்தில் உறிஞ்சு குழி தோண்டினால் ஆற்றிலேயே விட்டதற்குச் சமம். அங்கே மூடிய தொட்டி வைத்து, உரிமம் பெற்ற லாரியில் அகற்றுவதே வழி.

படி 6: அமலைச் செடி

ஆகாயத்தாமரையை நெல்லைச் சீமையில் அமலை என்பார்கள். நல்ல உரம் கிடைத்தால் இரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிக்கும். அந்த உரம் நம் சாக்கடை. எனவே 5-ஆம் படியைத் தொடாமல் 6-ஆம் படிக்கு வருவது வீண் கூலி.

ஆகஸ்ட், செப்டம்பரில் எடுங்கள், பூப்பதற்கு முன்னால். விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். முதலில் மூங்கில்களைக் கயிற்றில் கட்டி, எடுக்கும் இடத்துக்குக் கீழே ஆற்றின் குறுக்கே மிதக்கவிடுங்கள். இல்லாவிட்டால் பிடுங்குவதில் ஒரு பகுதி மிதந்து கீழூருக்குப் போய் அங்கே வேர்விடும். எடுத்த செடியைக் கரைச் சரிவில் போட்டால் முதல் மழையில் மீண்டும் ஆற்றுக்குள் வந்துவிடும். கரைக்கு வெளிப்புறம் 10 மீட்டர் தள்ளிக் குவியுங்கள். செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மூன்று நாள் வெயிலில் வாடியபின் சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டால் இரண்டு மாதத்தில் மட்கும். மூன்று வாரம் கழித்து அதே இடத்துக்கு மறுபடி வரவேண்டும். ஜேசிபி இறக்கினால் அமலையோடு நாணலும் கரையும் சேர்ந்து போகும். களைக்கொல்லி அடிக்கவே கூடாது, கீழே உறைகிணறு இருக்கிறது.

படி 7: கரையும் குளமும்

மரம் நடுவதில் ஆர்வம் அதிகம், இடத்தேர்வில் கவனம் குறைவு. தண்ணீர் விளிம்பில் மரம் வேண்டாம், நாணலும் கோரையும் தானே வரட்டும். சரிவில் நொச்சிப் போத்தும் வெட்டிவேரும், ஒரு சாண் இடைவெளியில், ஓட்டத்துக்கு இணையான வரிசைகளாக. கரை மேட்டுக்கு வெளிப்புறம் நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை, 5 மீட்டருக்கு ஒன்று, இரண்டடிக் குழி. எல்லையோரம் பனை விதை, 3 மீட்டருக்கு ஒன்று. எல்லாம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். மடைக்கும் மதகுக்கும் 10 மீட்டருக்குள் எந்த மரமும் கூடாது. வேர் செத்தால் அதன் வழியே தண்ணீர் துளைபோட்டுக் கரையை உடைக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு எடுக்கவேண்டும். ஆனால் ஆற்றுச் சரிவில் நிற்பதை மழைக்கு முந்தைய மாதம் பிடுங்கிவிட்டு மண்ணை வெறுமையாக விடாதீர்கள். பிப்ரவரியில் பிடுங்குங்கள், அன்றே நொச்சி ஊன்றுங்கள்.

மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்வாய்த் தண்ணீர் குளங்களில் தேங்கித்தான் வயலுக்குப் போகிறது. ஸ்ரீவைகுண்டம் தென்கால்வாயின் கடம்பாகுளம் போன்ற குளங்கள் தூர்ந்தால் வெள்ளத்தில் தண்ணீர் கடலுக்கு, கோடையில் கடைமடைக்குப் புழுதி. விவசாயத்துக்கு வண்டல் எடுக்க அனுமதி உண்டு: நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90. 100 கன அடி பிடிக்கும் டிராக்டரில் 75 கனமீட்டர் என்பது 26, 27 நடை. வயலில் பரப்பினால் ஏறத்தாழ 2 செ.மீ. கனம். நடைக் கணக்கை எழுத ஒருவரைக் குளத்தங்கரையில் உட்காரவையுங்கள். வண்டல் என்ற பெயரில் செங்கல் சூளைக்கு மண் போவது இந்த இடத்தில்தான். கரையடியில் தோண்டவிடாதீர்கள், கரை சரியும்.

துணியும் மணலும்

பாபநாசத்தில் குளித்தபின் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப்போகும் வழக்கம் இருக்கிறது. பாலியஸ்டர் சேலையும் வேட்டியும் மட்காது. பாறையில் சிக்கி, மணலைச் சுமந்து, கயிறு போல் முறுக்கிக்கொள்ளும். தடை அறிவிப்புப் பலகையால் பயனில்லை. துணி மாற்றும் இடத்திலேயே, ஆற்றுக்கு முன்னால், இடுப்பளவு கூடை வைத்து, காலை 5 முதல் 11 வரை ஓர் ஆளை நிறுத்துங்கள். "இதில் போட்டாலும் தோஷம் கழியும்" என்று அந்த ஆள் சொல்லவேண்டும், அதைக் கோயில் அர்ச்சகரும் சொன்னால் கூடை நிறையும். ஆடி அமாவாசைக்குக் கூடைகளை நான்கு மடங்காக்குங்கள்.

மணல் கொள்ளையில் எங்கள் யோசனை சுருக்கமானது: இரவில் தடுக்கப் போகாதீர்கள், வண்டியைப் படம் எடுக்கவும் போகாதீர்கள். 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் மணல் கடத்தல்மீது புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பகலில் குழியின் நீள அகல ஆழத்தை அளந்து, தேதியோடு, குழுவின் பெயரில், ஒரே நேரத்தில் ஆட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தனி ஒருவர் பெயர் எதிலும் இருக்கவேண்டாம்.

படி 8: வெள்ளத்துக்கு முன்னால்

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. ஆறும் குளங்களும் ஒருசேர உடைப்பெடுத்தன. அந்த வெள்ளம் எட்டிய உயரம் சுவர்களில் இன்னும் கறையாகத் தெரியும் இடங்கள் உண்டு. கறை அழியும் முன் பள்ளி, கோயில், மின்மாற்றித் தூண் ஆகியவற்றில் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒவ்வொரு மடையின் ஷட்டரையும் முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். திருகுமரையில் கிரீஸ் இருக்கிறதா, கைப்பிடி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று எழுதி மடையிலேயே ஒட்டுங்கள். பலவீனமான கரைக்கு அருகே 200 மணல் மூட்டை கட்டிவைத்து, எலி, உடும்பு வளைகளைக் களிமண் திணித்து அடையுங்கள். கடைசியாகத் தொலைபேசிச் சங்கிலி: மேல் அணைக்கட்டுக் குழுவில் இருவர், உங்கள் குழுவில் இருவர், கீழ்க் குழுவில் இருவர். மேலே தண்ணீர் ஏறிய நேரத்தையும் உங்கள் அணைக்கட்டில் ஏறிய நேரத்தையும் ஒவ்வொரு மழையிலும் ஒரே நோட்டில் குறித்து வந்தால், இரண்டு பருவத்தில் உங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரம் அவகாசம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். அந்த நோட்டை மடைச் சாவி வைத்திருப்பவரிடமே கொடுத்துவையுங்கள்.